சந்திரகாந்த் அத்திப்பள்ளி வரை வந்துவிட்டான்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஓசூர் மலைமேல் உட்கார்ந்திருக்கிற சந்திரசூடேஸ்வரர் சாட்சி. ஒரு சொல் கூடச் சேர்த்திருந்தால் நாக்கு அழுகட்டும். ஒன்றைக் குறைத்திருந்தாலும் அப்படியே ஆகட்டும். நம்பாதவர்கள் உத்தனப்பள்ளிக்குப் பஸ் ஏறிப் போய் ஆஞ்சப்பனையே கேட்டுக்கொள்ளலாம். அவன் வாயைத் திறக்க மாட்டான், அது வேறு விஷயம்.

ஆஞ்சப்பன் பிறந்தது தளிக்கு அப்பால், கோஸும் ரோஜாவும் விளைகிற குளிர்ந்த மேட்டில். கல்யாணத்துக்குப் பிறகு உத்தனப்பள்ளியில் மாமனார் ஒதுக்கிக் கொடுத்த வீட்டுக்கு வந்துவிட்டான். வேலை ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு பிரேக் குழாய் செய்கிற ஒரு கம்பெனியில். செய்த குழாயை அட்டைப் பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுவது அவன் பாடு. டேப் ஒட்டுகிறவனை எந்தக் கம்பெனியிலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆஞ்சப்பனை மட்டும் மொத்தக் கம்பெனியும் பார்த்தது. காரணம், அவனுக்கு அடுத்த வருஷம் தெரியும்.

அப்போது ஊரெங்கும் ‘ஒன்பதாம் படி’ என்ற தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூரில் கன்னடத்தில் எடுத்து, சென்னையில் தமிழ் பேசவைத்து, சாயங்காலம் காட்டுவார்கள். கன்னடத்தில் நடந்து ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துத்தான் தமிழில் நடக்கும். கம்பெனியில் இருந்த சேலத்துக்காரர்களும் திருவண்ணாமலைக்காரர்களும் அந்த ஒரு வருஷத்தை வெறுமனே காத்துக் கழிக்க வேண்டியிருந்தது. உத்தனப்பள்ளியில் கேபிள்காரன் கன்னடச் சேனலையும் சேர்த்தே விடுவான். ஆஞ்சப்பன் வீட்டில் அந்தச் சேனல்தான் ஓடும். தளிக்காரன் என்றால் கன்னடம் தெரிந்தவன் என்பது சிப்காட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சட்டம். யாரும் அவனைக் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

ஃபோனில் தட்டினால் தெரிந்துவிடுமே என்று நினைக்கலாம். தென்காசிப் பக்கமிருந்து டிரெய்னியாக வந்திருந்த மேகலா அதையும் செய்து பார்த்தாள். “எளுத்து பூரா வளையல் கடை மாதிரில்லா இருக்கு” என்று மூடி வைத்துவிட்டாள். மற்றபடி கம்பெனியில் கன்னடம் தெரிந்தவர்கள் மெயின்டனன்ஸில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு கிரிக்கெட் போதும்.

எனவே காலை டீ பிரேக்கில் கேண்டீனில் ஆஞ்சப்பன் உட்கார்ந்தால் சுற்றிலும் டம்ளரும் கையுமாகக் கூட்டம் கூடிவிடும்.

“ஆஞ்சப்பா, சுநந்தா முழுகாம இருந்து பதினாலு மாசம் ஆவுது. புள்ள எப்பதான்யா பொறக்கும்?” இது ஸ்டோர்ஸில் இருக்கும் கௌஸ் மொய்தீன். சுநந்தா என்பது தொடரின் கதாநாயகி.

“பொறக்கும். ஆனா மாமியாக்காரி கைக்குத்தான் மொதல்ல போவும்.”

“ஆணா பொண்ணா?”

“அதையும் நானே சொல்லிட்டா நீ எதுக்கு டிவி வெச்சிருக்கிற?”

மேகலா கேட்கிற கேள்விகள் வேறு ரகம். அவளுக்கு அடுத்த வருஷம் பற்றிக் கவலையில்லை. நடந்து முடிந்ததைத்தான் நோண்டுவாள். “அண்ணே, சுநந்தா வீட்டுக்காரரு சந்திரகாந்துக்கு மொத வாரம் எடது கையில மச்சம் இருந்துச்சு. நேத்து வலது கையில இருக்கு. மச்சம் நடந்தா போச்சு?”

“அது கண்ணாடியில தெரிஞ்ச கை.”

“அங்கன கண்ணாடியே இல்லையேண்ணே.”

“கன்னடத்துல இருக்குது. தமிழ்ல வெட்டிட்டானுங்க.”

இந்த ஒரு பதில் ஆஞ்சப்பனைப் பல இடங்களில் காப்பாற்றியிருக்கிறது. ஒருமுறை, மாமியாருக்குக் கொடுத்த பாலில் விஷம் என்று சொல்லிவைத்தான். கேண்டீனே ஒரு வருஷம் அந்தப் பாலுக்காகக் காத்திருந்தது. கடைசியில் தமிழில் அந்தப் பால் வந்தபோது அது நாட்டு வைத்தியர் கொடுத்த மருந்துப் பாலாக இருந்தது. மாமியார் குடித்துவிட்டு முன்னைவிடத் தெம்பாக எழுந்து மருமகளைத் திட்டினாள். “தமிழ்ல மாத்திட்டானுங்க” என்றான் ஆஞ்சப்பன். ஒருவரும் சந்தேகப்படவில்லை. மேலே முடிவாகிற எதுவும் கீழே வந்து சேர்வதற்குள் மாறிப்போகும் என்பது சம்பள உயர்வு விஷயத்தில் எல்லோரும் கண்டது.

நாளாக ஆக, ஜனங்கள் தொடரை விட்டுவிட்டுச் சொந்தக் கேள்விகளோடு வர ஆரம்பித்தார்கள். மகள் ஜைபாவுக்கு நர்ஸிங் சீட் கிடைக்குமா என்று கௌஸ் மொய்தீன் கேட்டார். “அது எந்தச் சேனல்ல வருது?” என்று ஆஞ்சப்பன் கேட்டுப் பார்த்தான். கௌஸ் மொய்தீன் சிரிக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தார். “கெடைக்கும் போ” என்று சொல்லிவைத்தான். கிடைத்துவிட்டது. அதன் பிறகு மேனேஜரே ஒருநாள் அவனைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, நின்றுபோன ஆர்டர் திரும்ப வருமா என்று கேட்டார். “அடுத்த வாரம் ஒரு திருப்பம் இருக்குது சார்” என்றான். இருந்தது. கான்ட்ராக்டில் இருந்தவர்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் அன்றிலிருந்து அவனைப் பார்த்தால் முதலில் வணக்கம் வைப்பார்.

இத்தனை கேள்விக்கும் நடுவே ஒருத்தி மட்டும் எதையும் கேட்காமல் இருந்தாள். கேண்டீனில் தட்டு கழுவுகிற சம்பங்கி.

சம்பங்கியின் புருஷன் மாரிசாமி லாரி டிரைவர். நாகரசம்பட்டிப் பக்கம் மாங்காய் சீசன் முடிந்ததும் மாங்கூழ் டின் ஏற்றிக்கொண்டு பெல்காமுக்குப் போனவன். சித்ரதுர்காவைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் லாரி மட்டும் நின்றது. லோடு அப்படியே இருந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது. சீட்டுக்குப் பக்கத்தில் அவன் சாப்பிட்ட டிபன் பாக்ஸ், கழுவி, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்திருந்தது. ஆள் இல்லை. நாலு வருஷமாக இல்லை. டிபன் பாக்ஸைப் போலீஸ்காரர்கள் அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மாரிசாமி செத்தான் என்று சொல்கிறவர்களுக்கும், எவளோடோ போய்விட்டான் என்று சொல்கிறவர்களுக்கும் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். “திரும்பி வர்றதில்லன்னு இருக்கிறவன் எதுக்கு எச்சப் பாத்திரத்தக் கழுவி வெச்சிட்டுப் போறான்?” நாள் முழுக்க ஊரார் எச்சில் தட்டைக் கழுவுகிறவள் கேட்கிற கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்? சும்மா இருந்துவிடுவார்கள்.

அண்ணன் முனிராஜ் மட்டும் சும்மா இருக்கவில்லை. அவன் மகள் காவியாவுக்குத் தை மாதம் கல்யாணம். சம்பந்தி வீட்டார் வந்தால் அத்தையை எங்கே நிறுத்துவது? பூ வைத்த பக்கமா, வைக்காத பக்கமா? தைக்குள் ஒரு முடிவுக்கு வா, மாரிசாமி படத்துக்கு மாலையைப் போட்டுக் காரியத்தைச் செய்துவிடலாம் என்று அவன் கறாராகச் சொல்லிவிட்டான். கெட்டவன் இல்லை. தங்கை நாலு வருஷமாக ஒவ்வொரு பஸ்ஸையும் நிமிர்ந்து பார்ப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவன்.

அன்று காலை கம்பெனி பஸ் சானமாவுக் காட்டுக்குள் நின்றுவிட்டது. ரோட்டைக் கடந்து யானைக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். யானை போகும்போது பஸ்ஸில் யாரும் பேசமாட்டார்கள், செல்ஃபோனைக்கூட மடியில் கவிழ்த்துவிடுவார்கள். அந்த மௌனத்தில் பின் சீட்டிலிருந்து சம்பங்கி எழுந்து வந்து ஆஞ்சப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கேட்டதைக் கேட்க யானைகளே நின்றன என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அது பொய். யானைகள் போய்க்கொண்டுதான் இருந்தன. இங்கே உள்ளதை உள்ளபடிதான் சொல்வது.

“அண்ணா, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளும்மா.”

“அந்த நாடகத்துல சுநந்தா வீட்டுக்காரரு காரு மலையிலருந்து உருண்டுச்சு இல்ல. பொணம் கெடைக்கலன்னு சொன்னாங்க.”

“ஆமா.”

“அந்தாளு வர்றானா?”

ஆஞ்சப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஒரு குட்டி யானை தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து ரோட்டைக் கடந்தது.

“எதுக்கும்மா கேக்கிற?”

“எங்கண்ணன் முடிவு சொல்லச் சொல்லுது. எனக்கு ரோசன பண்ணிப் பண்ணி மண்டையில ஒண்ணும் இல்லாம போச்சு. அதான், நாடகத்துல அந்தாளு எப்பிடியோ எனக்கும் அப்பிடின்னு சாமிகிட்ட வெச்சிட்டேன். நீ சொன்னீன்னா சரி. வரலன்னா நாளைக்கே மாலைய வாங்கியாரச் சொல்லிடறேன்.”

போன வெள்ளிக்கிழமைதான் அவன் அதைக் கன்னடத்தில் பார்த்திருந்தான். சந்திரகாந்த் படத்துக்கு மாலை. முன்னால் ஒற்றை விளக்கு. சுநந்தா வெள்ளைப் புடவையில் தூணில் சாய்ந்திருந்தாள். அவள் மாமனார் ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒரு கலயத்தைக் கவிழ்த்தார். என்ன சொல்லி அழுகிறார்கள் என்று மனைவி ரூபா கேட்டாள். அழுகிறார்கள், அதில் என்ன சொல்வது என்று சோற்றைப் பிசைந்தான்.

சம்பங்கியின் கை மடியில் கிடந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் சுருங்கியிருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, “வர்றான்” என்றான்.

“நெசமா?”

“நாந்தான் பாக்கறனே. வர்றான்.”

அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. “சரிண்ணா” என்று எழுந்து பின் சீட்டுக்கே போய்விட்டாள். யானைகள் போய் முடிந்தன. பஸ் கிளம்பியது.

காவியா கல்யாணத்தில் சம்பங்கி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு முன் வரிசையில் நின்றாள். முனிராஜ் அன்றிலிருந்து தங்கையோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சம்பந்தி வீட்டார் எதிரில் அவன் வாயைத் திறக்க முடியாமல் போன கோபம் அது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புருஷன் வருகிறபோது அண்ணன் தானாகப் பேசுவான் என்றிருந்தாள். ஆஞ்சப்பனுக்குத்தான் தூக்கம் போயிற்று. தமிழில் அந்தக் கலயம் கவிழ இன்னும் மாசக்கணக்கில் இருக்கிறது. அதற்குள் ஏதாவது நடந்துவிடாதா? மாரிசாமி உண்மையிலேயே வந்துவிடலாம். சென்னைக்காரர்கள் அந்தப் பாகத்தை வெட்டிவிடலாம். பூமி வாய் பிளந்து டிவி நிலையத்தை விழுங்கிவிடலாம். டேப் ஒட்டும்போதெல்லாம் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டான்.

மூன்றாவதுதான் கிட்டத்தட்ட பலித்தது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ‘ஒன்பதாம் படி’ வரவேண்டிய நேரத்தில் சின்னப் பிள்ளைகள் பாடுகிற போட்டி வந்தது. செவ்வாயும் அதுவே வந்தது. தமிழில் தொடரை நிறுத்திவிட்டார்கள். சுநந்தா சமையலறையிலிருந்து காபி தம்ளரோடு திரும்பிப் பார்த்த பார்வையோடு கதை நின்றுபோயிற்று. யார் கூப்பிட்டுத் திரும்பினாள் என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாது. கன்னடத்திலும் அந்த மாதமே முடித்துவிட்டார்கள்.

கேண்டீனில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது. “புள்ள பொறக்காமயே போச்சேய்யா” என்று கௌஸ் மொய்தீன் மனசாரத் துக்கப்பட்டார். மூன்றாம் நாள் எல்லோரும் வேறு தொடருக்குப் போய்விட்டார்கள். அது தமிழிலேயே எடுத்தது. அதற்கு ஆஞ்சப்பன் தேவையில்லை. டீ பிரேக்கில் அவன் டம்ளரோடு தனியாக உட்கார்ந்தான். அப்பாடா என்று இருந்தது.

அப்போது சம்பங்கி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து எதிரில் நின்றாள்.

“தமிழ்ல நிறுத்திட்டாங்களாமே.”

“ஆமாம்மா. என்னா பண்றது.”

“உனக்குத்தான் தெரியுமில்ல. நீ சொல்லு. எதுவரைக்கும் வந்துட்டான்?”

இந்த இடத்தில் ஆஞ்சப்பன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தான். வெளியே வந்தது, “பெல்காம்லருந்து பொறப்பட்டுட்டான்” என்பது.

அதன் பிறகு தினமும் அவன் சந்திரகாந்தை நடத்திக்கொண்டு வரவேண்டியதாயிற்று. ஹூப்ளியில் ஒரு மடத்தில் சோறு போட்டார்கள். ஹாவேரியில் மழையில் நனைந்து காய்ச்சல். தாவணகெரெயில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கினான். சம்பங்கி நின்றபடியே கேட்டுக்கொள்வாள். அடுத்த ஊர் பெயர் வரும்போது மட்டும் உதடு லேசாக அசையும்; அந்த ரோட்டில் எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மேகலா மட்டும் எப்போதாவது வந்து குறுக்கே விழுவாள். “அண்ணே, சந்திரகாந்து கோடீஸ்வரன்லா. ஒரு ஃபோனு போட்டா காரு வந்து நிக்காதா? எதுக்கு நடந்து வாரான்?”

“அவனுக்கு நெனப்பு தப்பிப் போச்சு.”

“நெனப்பு இல்லாதவனுக்கு வீட்டுக்கு வழி மட்டும் எப்பிடித் தெரியும்?”

சம்பங்கிதான் பதில் சொன்னாள். “அது தெரியும் கண்ணு. அது மட்டும் தெரியும்.” மேகலா அவள் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகு அந்தப் பெண் சந்திரகாந்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

சித்ரதுர்கா நெருங்கியது. பெட்ரோல் பங்க் வந்தது. அங்கே மட்டும் ஆஞ்சப்பன் நிற்காமல் சந்திரகாந்தை வேகமாகக் கடத்திவிட்டான். துமகூர், நெலமங்கலா, பெங்களூர். எவ்வளவு மெதுவாக நடத்தினாலும் ரோடு என்பது குறைந்துகொண்டேதானே வரும்? பெங்களூரில் தர்ம ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுக் கொஞ்ச நாளைத் தள்ளினான். ஒரு நாள் சம்பங்கி, “இன்னுமா காய்ச்சல் விடல?” என்று கேட்ட குரலைத் தாங்க முடியாமல் எழுப்பி விட்டுவிட்டான். சந்திரகாந்த் அத்திப்பள்ளி வரை வந்துவிட்டான்.

அத்திப்பள்ளி கர்நாடகத்தின் கடைசி ஊர். தாண்டினால் ஜூஜூவாடி, தமிழ்நாடு, ஓசூர், வீடு. ஆஞ்சப்பனால் அவனைத் தாண்டவைக்க முடியவில்லை. தாண்டி வந்து சுநந்தா வீட்டுக் கதவைத் தட்டிவிட்டால், மறுநாள் காலை சம்பங்கி தன் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிடுவாள். யார் வருவார்கள்? தாண்டாமல் சாகடித்தாலோ, அந்த மாலையை இவன் கையாலேயே போட்டது போல ஆகும். அதனால் அத்திப்பள்ளியிலேயே நிறுத்திவைத்தான். ஒருநாள் பந்த், பஸ் இல்லை. ஒருநாள் செக்போஸ்ட்டில் விசாரணை. ஒருநாள் செருப்பு அறுந்துவிட்டது. செருப்பு அறுந்ததையே மூன்று நாள் ஓட்டினான். காரணங்கள் தீர்ந்துபோனபோது, கேண்டீனுக்கே போகாமல் பேக்கிங் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து டீ இல்லாமல் பிரேக்கைக் கழித்தான். அங்கேயும் அவள் வந்தாள். விரல் நுனியிலிருந்து தண்ணீர் அட்டைப் பெட்டி மேல் சொட்டியது.

“இன்னும் அத்திப்பள்ளிதானா?”

“இன்னும் அத்திப்பள்ளிதான்.”

“அவ்ளோ கிட்டத்துல வந்துட்டு” என்றாள்.

அடுத்த வாரம் அவள் வேலைக்கு வரவில்லை. காய்ச்சலாயிருக்கும் என்று நினைத்தான். சனிக்கிழமை கௌஸ் மொய்தீன் வந்து, “நம்ம தட்டு கழுவற பொண்ண அத்திப்பள்ளி பஸ் ஸ்டாப்ல பாத்தேன்பா” என்றார். “எதுக்கும்மா இங்க நிக்கிறன்னு கேட்டேன். ஆள் வருதுன்னாள். நேத்தும் அங்கதான் நின்னாளாம், பழக்கடைக்காரன் சொல்றான்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஆஞ்சப்பன் ஓசூர் வந்து, அத்திப்பள்ளி பஸ் ஏறினான்.

அவள் பெங்களூர் பஸ்கள் வந்து நிற்கிற இடத்தில், ஒரு மரத்தின் வேரில் உட்கார்ந்திருந்தாள். தலையில் பூ. மடியில் துணிப் பை. ஒவ்வொரு பஸ்ஸும் வந்து நின்றதும் எழுந்து, கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துவிட்டு, உட்கார்ந்துகொண்டாள். ஆஞ்சப்பனைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“வாண்ணா. டீ குடிக்கிறியா?”

பக்கத்து டீக்கடைக்காரர் ஆஞ்சப்பனைப் பார்த்துக் கன்னடத்தில் என்னவோ கேட்டார். ஆஞ்சப்பன் தலையாட்டினான். டீ சர்க்கரை இல்லாமல் வந்தது. அதை வாயில் வைத்து அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுச் சம்பங்கி எழுந்து போய் இரண்டு வார்த்தை சொன்னாள். சர்க்கரை போட்டு வேறு டீ வந்தது.

“உனக்குக் கன்னடம் வருமா?”

“போலீஸ் ஸ்டேசன் கன்னடந்தான். சித்ரதுர்கா ஸ்டேசனுக்கு நடந்து நடந்து வந்துச்சு. ‘நாளெ பன்னி’ன்னுவாங்க. நாளைக்கு வாங்கன்னு அர்த்தம். அஞ்சு வருசமா அது ஒண்ணத்தான் அதிகமாக் கேட்டிருக்கேன்.”

ஒரு பஸ் வந்தது. எழுந்தாள். கைக்குழந்தையோடு ஒரு பெண், இரண்டு மாணவர்கள், கோழிக் கூண்டோடு ஒரு கிழவர். உட்கார்ந்தாள்.

ஆஞ்சப்பன் டம்ளரைக் கீழே வைத்தான். “சம்பங்கி, வீட்டுக்குப் போலாம் வா.”

“எப்பிடிண்ணா போறது? அந்தாளு இங்க வந்து நிக்கிறான்னு நீதான சொன்ன. இவ்ளோ தூரம் வந்தவனுக்கு இந்த ரோட்ட மட்டும் தாண்டத் தெரியலன்னா யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போனாத்தான உண்டு. சுநந்தாவுக்குத் தெரியல. அவ வீட்லயே உக்காந்திருக்கா. நானாச்சும் வரலாமில்ல.”

“அவன் வரலம்மா.”

அவள் அடுத்த பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் பொய் சொன்னேன். நீ பஸ்ஸுல கேட்டதுக்கு முந்தின வெள்ளிக்கெழமையே கன்னடத்துல காட்டிட்டாங்க. படத்துக்கு மாலை போட்டு, ஆத்துல கலயத்தக் கவுத்துட்டாங்க. சுநந்தா வெள்ளப் பொடவ கட்டிட்டா. மத்ததெல்லாம் நானா சொன்னது. ஹூப்ளியும் இல்ல, காய்ச்சலும் இல்ல, செருப்பும் இல்ல. செத்துட்டான்மா. நாடகமே முடிஞ்சு போச்சு.”

இதைச் சொல்ல அவனுக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. சொல்லி முடித்ததும் அவள் சரிந்துவிடுவாள், பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கையைத் தயாராக வைத்திருந்தான். சம்பங்கி சரியவில்லை. தட்டில் ஒட்டிக்கொண்ட பருக்கையை நகத்தால் சுரண்டுகிறவள் மாதிரி யோசித்தாள்.

“கன்னடத்துலதான செத்தான்?” என்றாள்.

“ஆமா.”

“தமிழ்ல இன்னும் சாகலையே.”

“அதுக்கில்லம்மா—”

“தமிழ்ல காரு உருண்டுச்சு. பொணம் கெடைக்கல. அவ்ளோதான காட்டுனாங்க. சுநந்தா காப்பி தம்ளர எடுத்துட்டு வந்து திரும்பிப் பாத்தா. யாரோ கூப்பிட்டாத்தான திரும்புவா? யாரு கூப்பிட்டா, நீ சொல்லு.”

அவனுக்குத் தெரியவில்லை. வருஷக்கணக்காகக் கேண்டீனில் எத்தனையோ கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொன்னவன், இந்த ஒன்றுக்கு மரத்து வேரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆத்துல கவுத்தாங்கன்னியே, அது சந்திரகாந்தோடதுன்னு யாராச்சும் வாய் விட்டுச் சொன்னாங்களா?”

“படத்துக்கு மாலை போட்டிருந்துச்சும்மா.”

“மாலையா? மாலைய எங்கண்ணனும்தான் போடறேன்னான்” என்றாள்.

மத்தியானம் ஆயிற்று. அவள் துணிப் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். எவர்சில்வர், மூடியில் ஒரு நசுங்கல். பெட்ரோல் பங்கில் கவிழ்ந்திருந்தது அதுதான் என்று அவள் சொல்லாமலே தெரிந்தது. திறந்து பார்த்தாள். ராகிக் களி, ஓரத்தில் கீரைக் கடைசல். ஈ உட்காராமல் மூடி வைத்தாள். ஆஞ்சப்பனைச் சாப்பிடச் சொல்லவில்லை, அவளும் சாப்பிடவில்லை. பஸ்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எழுந்தாள். நாலைந்து பஸ் கழித்து ஆஞ்சப்பனும் கூடவே எழுந்து நிற்க ஆரம்பித்தான். ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மாரிசாமியை அவன் பார்த்ததே இல்லை. இறங்குகிற ஒவ்வொரு ஆண்பிள்ளை முகத்தையும் பார்த்தான். எல்லோரும் மாரிசாமியாக இருக்கலாம் போலிருந்தது. ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

வெயில் இறங்கியதும் சம்பங்கி டிபன் பாக்ஸை எடுத்துப் போய்க் களியை அங்கே படுத்திருந்த நாய்க்கு வைத்தாள். டீக்கடைப் பைப்பில் பாக்ஸைக் கழுவினாள். கம்பெனித் தட்டைக் கழுவுவதுபோல அவசரமாக இல்லை. மூலை மூலையாக விரலை விட்டுத் தேய்த்தாள். தண்ணீர் வடிய மரத்து வேரில் கவிழ்த்து வைத்துவிட்டு அது காயும்வரை பக்கத்தில் நின்றாள்.

“போலாம்ணா” என்றாள். பிறகு, “நாளைக்கு எங்க வர்றான்?”

ஆஞ்சப்பன் ரோட்டைப் பார்த்தான். அந்தப் பக்கம் பெங்களூர், இந்தப் பக்கம் ஓசூர், நடுவில் லாரிகள்.

“இங்கதான்மா” என்றான். “இன்னும் அத்திப்பள்ளிதான்.”

அவள் தலையசைத்து டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள். மறுநாளும் வந்தாள். அவனும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறான். வந்து, அவளோடு எழுந்து எழுந்து உட்காருகிறான். இன்றைக்குப் போனாலும் பார்க்கலாம்.

இவ்வளவும் சொன்னபின் விட்டுப்போனது ஒன்றுதான்: ஆஞ்சப்பன் வீட்டில் பேசுவது தெலுங்கு, கன்னடத்தில் அவனுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது.